பதினோராவது பிளாப்பி

கடலூர் சோனங்குப்பத்தில் இறங்கிப் பூவராகன் வீடு எது என்று கேட்டால், எந்தப் பூவராகன் என்று திருப்பிக் கேட்பார்கள். மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடலில் தீர்த்தவாரி காண வருகிற சாமியின் பெயர் அது. கரையோரம் முழுக்கத் தெருவுக்கு இரண்டு பேராவது அந்தப் பெயரில் இருப்பார்கள். ‘டப்பா பூவராகன்’ என்று கேட்டுப் பாருங்கள், வலை பின்னிக்கொண்டிருப்பவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் கையை நீட்டி வழி காட்டுவார்.

மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, படகில் ஏறிய அரை மணி நேரத்தில் குடலே வாய்க்கு வந்துவிடுகிற உடம்பு வாய்த்தது அவருக்கு. அப்பா மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்தார். எலுமிச்சம்பழம் மோந்து பார்க்கச் சொன்னார், சாமிக்கு நேர்ந்துகொண்டார், கடைசியில் ஐடிஐயில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க அனுப்பிவிட்டுத் தலை முழுகினார். அது நல்லதாகவே போயிற்று. இன்று முதுநகர் துறைமுகத்தில் எந்த விசைப்படகில் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் கெட்டாலும், வயர்லெஸ் செட் ஊமையானாலும், ஐம்பத்து மூன்று வயதுப் பூவராகனைத்தான் கூப்பிடுகிறார்கள். படகைக் கட்டிப் போட்டிருக்கும்போது ஏறுவார். உப்பு தின்ற போர்டைக் கழற்றி, பல் விளக்கும் பிரஷால் தேய்த்து, பேச வைத்துவிட்டு இறங்குவார். கயிற்றை அவிழ்க்கிற சத்தம் கேட்டால் ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுவிட்டுக் குதித்துவிடுவார் என்று துறைமுகத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். பொய்யில்லை, இரண்டு தடவை குதித்திருக்கிறார்.

டப்பா என்பது அவருடைய பழைய கம்ப்யூட்டர்கள். பதினாலு இருக்கின்றன. பதினைந்து வருஷத்துக்கு முன் ஒருநாள் சாலிடரிங் கம்பி வாங்கப் போன இடத்தில், காயலாங்கடை வாசலில் மழையில் நனைந்துகொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தார். காய வைத்து, மின்சாரம் கொடுத்ததும் கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று கண் சிமிட்டியது. அவ்வளவுதான், மனுஷன் விழுந்துவிட்டார். கூடத்தில் பாதியை டப்பாக்கள் பிடித்துக்கொண்டன. அவர் மனைவி அமராவதி சண்டை போட்டுப் பார்த்து, ஓய்ந்து, இப்போது ஒரு மானிட்டரின் தலையில் ஊறுகாய் ஜாடி வைக்கிற அளவுக்குச் சமாதானமாகிவிட்டார்.

இப்படிப்பட்ட பைத்தியம் ஊரில் ஒருவருக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். ‘பழைய டப்பா’ என்ற பெயரில் வாட்ஸ்ஆப் குழு ஒன்று இருக்கிறது. சேத்தியாத்தோப்பில் செல்போன் கடை வைத்திருக்கும் வினோத்குமார்தான் அதை நடத்துகிறான். பழைய விளையாட்டுகள், டைப் அடிக்கக் கற்றுக்கொடுக்கும் புரோகிராம்கள், கடை மூடிப் போன கம்பெனிகளின் சரக்குகள் என்று எதையாவது தேடிப் பிடித்து ஓட வைப்பதும், ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதும் அங்கே அன்றாடம் நடக்கிற வேலை. பூவராகன் வாங்குவார், பார்ப்பார், சந்தோஷப்படுவார். அனுப்பு என்றால் மட்டும் அனுப்ப மாட்டார்.

அதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. கடலில் யாருடையதோ வலை அறுந்து மிதந்து வந்தால், கண்டவர் எடுத்துக் கரைக்குக் கொண்டுவரலாம். ஆனால் உடனே தன் வலை என்று படகில் ஏற்றிக்கொள்ள முடியாது. ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்து, பக்கத்து ஊர்களுக்குச் சொல்லி அனுப்பி, உடையவர் யார் என்று தேடிப் பார்க்க வேண்டும். சோனங்குப்பத்தில் அதுதான் வழக்கம். அவருடைய அப்பா தலைச்சுமை வலையை மூன்று மாதம் வீட்டுக் கொல்லையில் வைத்துக் காவல் காத்து, கடைசியில் புதுக்குப்பத்துக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்ததைப் பூவராகன் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். டப்பாவுக்குள் கிடக்கிற புரோகிராமும் மிதக்கிற வலைதான் என்பது அவர் கட்சி. எடுத்துக் காயவைத்துப் பத்திரப்படுத்தலாம், அதில் தப்பில்லை. ஊருக்குப் பங்கு போடுவதற்கு முன்னால் உடையவரைத் தேட வேண்டும்.

வினோத்குமார் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வான். கம்பெனியே இல்லை, கேட்க நாதியில்லை, அதுதானே கைவிட்டது என்பதற்கு அர்த்தம் என்பான். ஒரு தடவை பூவராகன் விடாப்பிடியாக ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கே மெயில் எழுதினார். பழைய மீன் பிடிக்கிற விளையாட்டு ஒன்று, அதைக் குழுவில் போடலாமா என்று. அந்தக் கம்பெனி மூன்று கை மாறியிருந்தது. எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அது இப்போது எங்களுடையதா என்பது எங்களுக்கே தெரியவில்லை, தெரிந்தால் சொல்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். குழுவில் ஒரு வாரம் சிரித்துத் தீர்த்தார்கள். அப்போதும் பூவராகன் அனுப்பவில்லை.

இப்படி இருந்தவர் கையில்தான் போன மாதம் அந்தப் பிளாப்பி கிடைத்தது.

திருப்பாதிரிப்புலியூரில் ரொம்ப காலமாகப் பூட்டிக் கிடந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரை இடித்தார்கள். உள்ளே இருந்தது எல்லாம் காயலாங்கடைக்கு வந்தது. கடைக்காரர் பூவராகனுக்குப் போன் போட்டு, உங்க சரக்கு வந்திருக்குது என்றார். ஒரு பெட்டி நிறையப் பெரிய பிளாப்பிகள், பூஞ்சை பிடித்து வெள்ளையாக. அதில் ஒன்றின் மேல் நீல மசியில், அழகான பெண் கையெழுத்தில், ‘ராசிமாலை – 11’ என்று எழுதியிருந்தது. பூவராகன் அதைப் பஞ்சால் துடைத்து, ஒரு டிரைவில் போட்டு, படிக்காமல் இன்னொன்றில் போட்டு, மூன்றாவதாக ஒரு கறுப்பு டப்பாவின் டிரைவில் போட்டார். டிரைவ் இருமியது, முனகியது, பிறகு ஓடியது.

திரையில் தமிழ் வந்தது, ஜாதகம் கணிக்கிற புரோகிராம். கம்ப்யூட்டரில் தமிழ் லேசில் வராத காலத்துத் தமிழ், ஒவ்வொரு எழுத்தும் புள்ளி புள்ளியாகக் கையால் கட்டியது. ‘ழ’வின் வால் மட்டும் கொஞ்சம் நீண்டு அடுத்த வரியைத் தொட்டது. பூவராகன் எழுந்து பீரோவைத் திறந்து, கல்யாணப் பத்திரிகையோடு வைத்திருந்த தன் ஜாதகத்தாளை எடுத்தார். தொண்ணூற்றெட்டில் அதே சென்டரில்தான் எடுத்தார்கள், அமராவதியோடு பொருத்தம் பார்ப்பதற்காக. தாளிலும் அதே ‘ழ’, அதே வால். புரோகிராமின் முதல் பக்கத்தில், இயற்றியது இளமதி, சிதம்பரம், 1994 என்று போட்டு, கீழே ஐந்து இலக்கத்தில் ஒரு டெலிபோன் நம்பரும் இருந்தது.

குழுவில் ஒரு போட்டோ போட்டார். போட்டதுதான் தாமதம், வினோத்குமார் நேரில் வந்து நின்றான். உலகத்தில் வேறு எங்கும் இது இல்லை என்று தேடிப் பார்த்துச் சொன்னான். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அரங்கைக் குழுவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்திருந்தார்கள், பழைய கம்ப்யூட்டர்களைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்கு. நடுமேசையில் ராசிமாலைதான் என்று வினோத்குமார் அப்போதே முடிவு கட்டிவிட்டான். பூவராகனுக்கும் ஆசை கொஞ்சநஞ்சம் இல்லை. அந்த எழுத்துகளை நாலு பேர் பார்க்க வேண்டும், பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கண்காட்சிக்கு இருபது நாள் இருந்தது. அதற்குள் இளமதி என்கிறவரைக் கண்டுபிடித்து அனுமதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த டப்பாவை அன்றைக்குத் திறப்பதில்லை என்று சொல்லிவிட்டார்.

கடலூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் மோனிகாவிடமும் ஒரு வார்த்தை கேட்டார். அந்தப் பெண்ணின் அப்பா படகுக்குப் பூவராகன்தான் ரிப்பேர். பிளாப்பி உங்களுடையது, ஓட்டிப் பார்ப்பதையோ பத்திரத்துக்கு ஒரு நகல் எடுப்பதையோ யாரும் கேட்கப் போவதில்லை, ஊருக்குக் கொடுப்பதுதான் வேறு விஷயம் என்று மோனிகா சொன்னாள்.

“கைவிட்டதுன்னு நீங்களா சொல்லிக்கிறீங்க மாமா. சட்டத்துல அப்படி ஒரு பேரே கெடையாது. எழுதினவங்க இருக்கிற வரைக்கும் அவுங்களுது. போனதுக்கு அப்புறமும் அறுபது வருஷம் அவுங்க பிள்ளைங்களுது.”

அறுபது வருஷம் கழித்து அந்தப் பிளாப்பியில் பூஞ்சைதான் இருக்கும் என்றார் பூவராகன். அதுவும் உண்மைதான் மாமா, ஆனா சட்டத்துக்குப் பூஞ்சை தெரியாது என்றாள் மோனிகா.

ஐந்து இலக்க நம்பரை வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் யாரைப் பிடிப்பது? பூவராகன் பிடித்தார். சிதம்பரம் டெலிபோன் ஆபீசில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அன்பரசுவைத் தேடிப் போனார். அன்பரசு நம்பரைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு, அது எந்தக் கம்பத்தில் ஏறி, எந்தப் புங்க மரத்தைத் தாண்டி, எந்த வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே போனது என்று ஒப்பித்தார். மழை பெய்தால் கரகரக்கும் லைன் அது, மறக்க முடியுமா என்று கோபமும் பட்டார். அந்த வீட்டுப் பெண் இப்போதும் அங்கேயேதான் இருக்கிறார், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார் என்றும் சொன்னார்.

கண்காட்சிக்கு எட்டு நாள் இருக்கையில் பூவராகனும் அமராவதியும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார்கள். ஒருத்தர் பொருளை முறையாகக் கேட்கப் போகிறோம், வெறுங்கையோடு போனால் நல்லாயிருக்காது என்று அமராவதி தாம்பூலத் தட்டு வைத்திருந்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஆறு சாத்துக்குடி, இரண்டு முழம் பூ. பிளாப்பியைத் தட்டின் நடுவில் வைக்கலாமா என்று பூவராகன் கேட்டதற்கு, சும்மா வாங்க என்று பதில் கிடைத்தது.

கதவைத் திறந்த இளமதிக்கும் ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நாலு இருக்கும். காதோரத்தில் சாக்பீஸ் தூள். பட்டுப்புடவை, வெள்ளை வேட்டி, கையில் தட்டு என்று வாசலில் நின்ற ஜோடியைப் பார்த்ததும் அவர் சங்கடத்தோடு சிரித்தார். தம் வீட்டில் கல்யாண வயதில் பெண் யாருமில்லை, தெரு மாறி வந்துவிட்டீர்களா என்று கேட்டார்.

“பொண்ணு கேட்டு வரலக்கா. புரோகிராம் கேட்டு வந்தோம்” என்றார் அமராவதி.

உள்ளே உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எந்த புரோகிராம் என்று கேட்டார் இளமதி. பூவராகன் பையிலிருந்து பிளாப்பியை எடுத்தார். நீல மசி எழுத்தையும் பதினொன்று என்ற எண்ணையும் பார்த்த மாத்திரத்தில் இளமதி நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். பிறகு அவர் சொன்னதைப் பூவராகன் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை.

“கொண்டாந்துட்டீங்களா? எத்தன வருஷமா தேடறேன். குடுங்க.”

அவர் கை நீண்டபடியே இருந்தது. கேட்டு வாங்கிப் போக வந்தவர், கொடுத்துவிட்டுப் போக வந்தவராகிவிட்டார். பூவராகன் பிளாப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விழித்தார்.

இளமதி கையை மடக்கிக்கொண்டு, சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். இருபத்து மூன்று வயதில் எழுதியது ராசிமாலை. பஞ்சாங்கக் கணக்கு முழுக்க அப்பா சொல்லிக் கொடுத்தது. அவர் விவசாயி, ஊருக்கு நாள் பார்த்துச் சொல்கிறவர். எழுத்துகளை கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து ஆறு மாதம் உட்கார்ந்து ஏற்றினார். சேத்தியாத்தோப்பு, பண்ருட்டி, திருவதிகை என்று பதினோரு கடைகளுக்குக் கொடுத்தார். ஐந்து வருஷம் நன்றாகவே ஓடியது. அப்புறம்தான் தப்பு தெரிந்தது.

தப்பு மிகச் சின்னது. நம் கணக்கில் சூரியன் உதித்தால்தான் நாள் பிறக்கும். செவ்வாய்க்கிழமை ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை பிறந்தால், தாய்க்கு அது செவ்வாய்க்கிழமைப் பிள்ளை. ஆங்கிலத் தேதிக்கு அது புதன். ஆகவே விடிவதற்கு முன்னால் பிறந்தவர் என்றால் கொடுத்த தேதியோடு ஒரு நாளைக் கூட்டிக்கொள் என்று அப்பா சொன்னார், மகள் அப்படியே எழுதினார். அம்மாக்கள் சொன்ன தேதிக்கு அது கச்சிதமாக வேலை செய்தது. ஆனால் ஆஸ்பத்திரிச் சான்றிதழில் புதன் என்றே போட்டிருப்பார்கள். அதைக் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கும் ராசிமாலை ஒரு நாளைக் கூட்டி, அவர்களை வியாழக்கிழமைக்குத் தள்ளிவிட்டது. ஒரு நாள் தள்ளினால் நட்சத்திரமே மாறிவிடும்.

காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு இதனால் நிச்சயமாக இருந்த இடம் நின்றுபோனது. அவளுடைய அம்மா நேரில் வந்து கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்குப் பஸ் ஏறிய இளமதி கடை கடையாகப் போய்ப் பத்து பிளாப்பிகளைத் திரும்ப வாங்கி எரித்தார். திருப்பாதிரிப்புலியூரில் இருந்த பதினோராவது கடையைப் பூட்டிவிட்டு அதன் சொந்தக்காரர் துபாய்க்குப் போயிருந்தார்.

“நான் அத அப்படியே விட்டுட்டுப் போகல சார். வேணும்னு இழுத்து மூடுனேன்” என்றார் இளமதி.

 பூவராகன் இதுவரை யோசிக்காத ஒன்று அது. மிதக்கிற வலை என்றால் தொலைந்த வலை என்றே நினைத்திருந்தார். உடையவரே வேண்டாம் என்று அறுத்துவிட்ட வலையும் உண்டு என்று தோன்றியதே இல்லை. ஆனாலும் ஆசை விடவில்லை. எப்படியாவது மனசை மாற்றிவிடலாம் என்று, தன்னிடம் இருந்ததிலேயே பெரிய பாராட்டை எடுத்துவிட்டார்.

“எங்க கல்யாணத்துக்கே உங்க ராசிமாலையிலதான் பொருத்தம் பாத்தாங்க டீச்சர். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி சர்டிபிகேட்டக் காட்டி எடுத்தோம்.”

இளமதி முகம் செத்துவிட்டது. எத்தனை மணிக்குப் பிறந்தீர்கள் என்று கேட்டார். விடியக்காலம் மூணே கால் என்றார் பூவராகன், சொல்லி முடிக்கும்போதுதான் அவருக்கும் உறைத்தது. தாளில் மிருகசீரிஷம் என்று இருந்ததைச் சொன்னார். அப்படியானால் நீங்கள் ரோகிணி என்றார் இளமதி. அமராவதி அஸ்தம். ரோகிணிக்கும் அஸ்தத்துக்கும் ரஜ்ஜு தட்டும், எந்த ஜோசியரும் சேர்த்துவைக்க மாட்டார் என்று, பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டே அவர் சொன்னார்.  இருபத்தேழு வருஷமாகக் கோயில் கோயிலாக வேறு யாருடைய நட்சத்திரத்துக்கோ அர்ச்சனை செய்து வந்திருக்கிறோம் என்பதுதான் பூவராகன் புத்தியில் முதலில் ஓடியது.

அமராவதி கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“இத அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாக்கா? பதினாலு டப்பா இல்லாத வீடாப் பாத்துப் போயிருப்பேனே.”

இளமதிக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அமராவதி எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, ஒரு பிள்ளை ஓசூரில் வேலையில் இருக்கிறான், சண்டையும் வேண்டிய மட்டும் போட்டாயிற்று என்று ஆறுதல் சொன்னார். சாத்துக்குடியை உரித்து மூன்று பேரும் தின்றார்கள். ஆனால் இளமதி மனசு மாறவில்லை. உங்களுக்குத் தப்பில் நல்லது வந்தது, எத்தனை பேருக்கு நல்ல இடம் தட்டிப்போனதோ, அது வெளியே போக வேண்டாம் என்றார்.

பூவராகன் பிளாப்பியைப் பார்த்தார். மோனிகா சொன்னது ஞாபகம் வந்தது. பிளாப்பி அவருடையது, காசு கொடுத்து வாங்கியது, வீட்டோடு வைத்துக்கொண்டால் யாரும் கேட்க முடியாது. வினோத்குமார் சொல்லப்போவதும் காதில் கேட்டது. ஒரு நகலை ஒளித்து வையுங்கள் என்பான். அவர் எழுந்து பிளாப்பியை இளமதி கையில் வைத்தார். வைத்துவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு சட்டைப் பையிலிருந்து, நகல் எடுத்து வைத்திருந்த ஒரு பென்டிரைவை எடுத்து அதையும் வைத்தார். போனில் இருந்த நகலை இளமதி கண் முன்னாலேயே அழித்தார்.

“வீட்ல அந்தக் கறுப்பு டப்பாவுல ஒண்ணு இருக்குதுல்ல?” என்றார் அமராவதி.

பூவராகனுக்குக் காது சூடாகிவிட்டது. அதை மறந்துதான் போனாரா, மறந்த மாதிரி இருந்தாரா என்பது அவருக்கே தெரியவில்லை. போனதும் அழித்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். சாயங்காலம் வீடு வந்ததும் அமராவதி பின்னால் நிற்க, அதையும் அழித்தார். அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டபோது விரல் கொஞ்சம் தயங்கியது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வினோத்குமார் குதித்தான். உலகத்திலேயே ஒன்றே ஒன்று இருந்தது, அதை அடுப்பில் போடக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்களே என்று போனில் கத்தினான். ஆதிகாலத்துத் தமிழ் எழுத்து, வரலாறு, நாளைக்கு யார் கேட்டாலும் பதில் சொல்ல முடியுமா என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பூவராகனும் அதைத்தான் ராத்திரி பகலாக நினைத்துக்கொண்டிருந்தார். அவுங்க வலைடா, அவுங்க கையில இருக்குது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்கு நல்ல கூட்டம். பிள்ளைகள் பழைய விளையாட்டுகளை மொய்த்தன. ஒரு தாத்தா பிளாப்பியைக் கையில் வாங்கிப் பார்த்து, இதில் எத்தனை சினிமா பிடிக்கும் என்று கேட்டார். நடுமேசையில் கறுப்பு டப்பா மட்டும் அணைந்தே இருந்தது. வேறு எதையாவது அதில் ஓட்டச் சொன்னார்கள், பூவராகனுக்கு மனசு வரவில்லை.

பதினோரு மணிக்கு இளமதி வந்தார். நேராக நடுமேசைக்கு வந்து, கைப்பையிலிருந்து பிளாப்பியையும் பென்டிரைவையும் எடுத்து வைத்தார். கூடவே நாலாக மடித்த ஒரு தாள். ராசிமாலையை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், நகல் எடுக்கலாம், கொடுக்கலாம், இலவசமாக மட்டும் என்று எழுதியிருந்தார். அதில் இருக்கும் பிழை என்ன என்பதையும் நாலு வரியில் எழுதி, நகல் போகிற இடமெல்லாம் இந்தத் தாளும் போக வேண்டும் என்று கேட்டிருந்தார். ராசிமாலையில் ஜாதகம் எடுத்தவர்கள் தன்னைக் கூப்பிட்டால் சரியான கணக்கைப் போட்டுத் தருவதாகச் சொல்லிப் போன் நம்பரும் கொடுத்திருந்தார், இந்தத் தடவை பத்து இலக்கத்தில். கூட்டத்தில் நின்ற மோனிகா வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கிறது, இதைவிடத் தெளிவாக வக்கீல்கூட எழுத மாட்டார் என்றாள்.

 மூன்று தடவை அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன் என்றார் இளமதி.

“பத்து பிளாப்பிய எரிச்சேன் சார், என்னா ஆச்சு? தப்பான தாளு எல்லார் வீட்டு பீரோவுலயும் அப்படியேதான இருக்குது. நீங்க இதத் தூக்கிக்கினு வந்ததாலதான உங்க நட்சத்திரமே உங்களுக்குத் தெரிஞ்சுது.”

வினோத்குமார் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தான். அந்த ஒரு இடத்தைத் தான் மாற்றிவிடுகிறேன், ஒரு மணி நேர வேலை, அப்புறம் தப்பே வராது என்றான். ஆசையாகத்தான் சொன்னான்.

“வேணாம் தம்பி” என்றார் இளமதி. “திருத்திட்டா நான் தப்பு பண்ணதே தெரியாமப் போயிடும். அது அப்படியே இருக்கட்டும். பக்கத்துல நான் இருக்கேன்.”

பூவராகன் டப்பாவுக்கு மின்சாரம் கொடுத்தார். டிரைவ் முனகியது, ஓடியது. திரையில் எழுத்துகள் வரிசையாக எழுந்தன. சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள், அவர் ஆசைப்பட்ட மாதிரியே. பூவராகன் அவர்களைப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருஷம் கழித்துத் தன் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இளமதியைத்தான் பார்த்தார். அந்த அம்மாள் திரையில் விரலை வைத்து, இந்த ‘ழ’வுக்கு வாலைக் கொஞ்சம் ஜாஸ்தியாகப் போட்டுவிட்டேன் என்றார்.

காலையிலிருந்து வாசலில் நின்றிருந்த கல்லூரி வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, கம்ப்யூட்டர் ஜாதகமா, எனக்கும் பாருங்கம்மா என்றார். இளமதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெயர், ஊர், தேதி எல்லாம் தட்டினார். நேரம் கேட்டார். ராத்திரி ரெண்டு மணி என்றார் வாட்ச்மேன்.

இளமதி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“இந்தத் தேதி உங்க அம்மா சொன்னதாங்க, ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்ததா?”

“ஆஸ்பத்திரியா? நான் பொறந்தது கரும்புக் காட்டுலம்மா. எங்கம்மா சொன்னதுதான்.”

“அப்ப சரியா வரும்” என்று சொல்லிவிட்டு இளமதி என்டரைத் தட்டினார்.